ஆடுகளத்தில் பொச்சாப்பு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒருமுறை கூடுவது எளிது. பத்தாண்டுகள் விடாமல் கூடுவது அரிது. மழை பெய்த மாலைகளில் ஏழெட்டுப் பேர் மட்டுமே வந்திருந்து, அந்த ஏழெட்டுப் பேருக்காகவும் கவிதை படித்த கவிஞர்களை நான் இங்கே கண்டிருக்கிறேன். அவர்கள் முன்னிலையில் நிற்பதைப் பேறாகக் கருதுகிறேன்.

இவ்விழாவில் திருக்குறளின் ஓர் அதிகாரத்தை முன்வைத்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எந்த அதிகாரம் என்பதை என் விருப்பத்திற்கு விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஐம்பத்து நான்காம் அதிகாரமாகிய பொச்சாவாமை. விளக்கத்திற்கு எடுத்துக்கொண்ட இடம்தான் சற்றுப் புதிது, அது ஆடுகளம். தமிழ் கற்பிப்பவளுக்கு ஓட்டப்பந்தயத்திலும் சதுரங்கத்திலும் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பொச்சாப்பு என்னும் சொல்லை நாம் இன்று வழங்குவதில்லை. மறதி என்று பொருள் கொண்டு கடந்து போகிறோம். ஆனால் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோமே, அந்த மறதியை வள்ளுவர் பேசவில்லை. மகிழ்ச்சி மிகுதியால் வருகின்ற சோர்வையே அவர் பேசுகிறார். பரிமேலழகரும் அவ்வாறே உரை கண்டார். துன்பம் வரும்போது மனிதன் விழித்துக்கொள்கிறான். இன்பம் நெருங்கும்போதுதான் கண் அயர்கிறான். அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. பகை, படை, அரண் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய ஓர் ஆபத்தாக அவர் இதனைக் கண்டார்.

இனி, ஆடுகளத்திற்கு ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு கல்லூரியில் பணியாற்றியபோது, மகளிர் சடுகுடு அணியுடன் பொறுப்பாசிரியராக ஒரு போட்டிக்குச் சென்றேன். ஆட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாணவியர்க்குத் துணையாகப் பேராசிரியை ஒருவர் செல்லவேண்டும் என்பதற்காகச் சென்றேன். இறுதியாட்டம். இரு அணிகளும் சமநிலை. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. செய்யாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவி எங்கள் அணிக்காகப் பாடிச் சென்றாள். எதிரணிப் பெண் ஒருத்தியைத் தொட்டாள். திரும்பினாள். நடுக்கோட்டிற்கு இரண்டடி இருக்கும்போது இரு கைகளையும் உயர்த்தினாள். அக்கணத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவள் கணுக்காலைப் பற்றியது. விழுந்தாள். விரல் நுனிக்கும் கோட்டிற்கும் ஒரு சாண் இடைவெளி. புள்ளி எதிரணிக்குப் போயிற்று; கோப்பையும் போயிற்று.

நான் அவளிடம், எல்லோர் முன்னிலையிலும், "கோட்டைத் தொடுவதற்கு முன்னே கொண்டாட்டமா? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றாள். அடுத்த பருவத்தில் அவள் ஆடுகளத்திற்கு வரவில்லை என்று உடற்கல்வி இயக்குநர் சொல்லக் கேட்டேன். நான் கேட்ட கேள்வி சரிதானா என்ற ஐயம் அன்றுமுதல் என்னை விடவில்லை. அறிவு இல்லாமையாலா அவள் கை உயர்ந்தது? இதற்கு விடை தேடித்தான் விளையாட்டுச் செய்திகளைப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தியர் பலரும் அறிந்த இரு நிகழ்ச்சிகளை முதலில் நினைவூட்டுகிறேன். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மில்கா சிங் நான்காமவராக வந்தார். மூன்றாமவரான தென்னாப்பிரிக்கர் மால்கம் ஸ்பென்சுக்கும் அவருக்கும் இடையே கைக்கடிகாரக் கணக்கில் பத்தில் ஒரு நொடியே வேறுபாடு. ஏறத்தாழ 250 மீட்டர் அளவில் தாம் வேகத்தைத் தளர்த்தியதே பிழை என்று அவரே வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலிசில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காமவரானார். வெண்கலம் வென்ற ருமேனியப் பெண் ஓடிய நேரம் 55.41. இறுதிக் கோட்டில் நெஞ்சை முன்னே தள்ளிப் பாயாததே அந்த நூற்றில் ஒரு நொடிக்குக் காரணம் என்று உஷாவும் பின்னர்க் கூறினார். இவர்களுக்கு ஓடத் தெரியாது என்று யாரேனும் சொல்வார்களா? தாம் கற்ற பாடத்தில் ஓர் எழுத்தை ஒரு கணம் விட்டுவிட்டார்கள், அவ்வளவே.

இதனினும் வியப்பான நிகழ்ச்சி 2004இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் நடந்தது. துப்பாக்கிச் சுடுதலில் அமெரிக்கரான மேத்யூ எம்மன்ஸ் இறுதிச் சுற்றில் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். எஞ்சியது ஒரே ஒரு குண்டு. ஓரளவு நன்றாகச் சுட்டாலே தங்கம். சுட்டார். குறி தவறவில்லை. ஆனால் அவர் சுட்டது பக்கத்தில் நின்றவருடைய இலக்கை. தமக்குரிய இலக்கில் பூச்சியம். தங்கத்திலிருந்து எட்டாம் இடத்திற்கு இறங்கினார். வழக்கமாக இலக்கின் மேலுள்ள எண்ணை முதலில் பார்த்துவிட்டுப் பின்னர்த் துப்பாக்கியைத் தாழ்த்துவாராம். அன்று தம் பதற்றத்தை அடக்குவதிலேயே கருத்தைச் செலுத்தியதால் எண்ணைப் பார்க்கவில்லை என்றார். அமைதியாக இருக்கவேண்டும் என்ற எண்ணமே அன்று கவனத்தைத் திருடிவிட்டது.

இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பவை. உடல் முந்திக்கொள்கிறது, அறிவு பின்தங்குகிறது என்று சமாதானம் கூறலாம். அப்படியானால் உட்கார்ந்து, எண்ணி, நேரம் எடுத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் பொச்சாப்பு நேரக்கூடாதல்லவா? நேர்கிறது. அதனை நன்கு அறிவதற்கு நாம் தொலைவில் போகவேண்டியதில்லை. தமிழகம் உலகிற்குத் தந்த சதுரங்க வீரர்களின் ஆட்டங்களே போதும்.

1988ஆம் ஆண்டு. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெருமையை விசுவநாதன் ஆனந்த் பெற்ற ஆண்டு. அவருக்கு வயது பதினெட்டு. சுவிட்சர்லாந்தில் பீல் நகரில் கொலம்பியாவின் சப்பாத்தாவுடன் ஆடினார். ஐந்தாம் நகர்த்தலில் மந்திரியை எடுத்து வைத்தார். சப்பாத்தா தம் அரசியை ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். ஆனந்தின் குதிரை அகப்பட்டுக்கொண்டது. ஆறே நகர்த்தலில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஐந்தாம் நகர்த்தல் அவர் புதிதாகக் கண்டதன்று. முந்தைய ஆண்டு கிராண்ட்மாஸ்டர் இருவர் ஆடி, அச்சிலும் வெளிவந்த ஆட்டத்தில் அதே நகர்த்தல் இருந்தது. அங்கே அப்பிழை தண்டிக்கப்படவில்லை. ஆட்டம் சமனாக முடிந்திருந்தது. பெரியவர்கள் ஆடியிருக்கிறார்கள், அச்சேறியும் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே குழியாயிற்று.

இதனைப் படித்தபோது என் துறை எனக்கு நினைவில் வந்தது. ஏடு பெயர்த்தெழுதியவர் செய்த பிழையைப் பதிப்பாசிரியர் ஒருவர் அச்சிட, அதை நம்பி உரையெழுதியவர்கள் உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பாமல் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். அவ்வுழைப்பின் அருமை எனக்கு மற்றொரு முறை விளங்கிற்று.

அடுத்தது 2014 நவம்பர் 15. உருசிய நாட்டின் சோச்சி நகரம். உலகப் பட்டத்திற்கான போட்டியின் ஆறாம் ஆட்டம். ஐந்து ஆட்டங்களின் முடிவில் ஆனந்தும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் சமநிலை. கார்ல்சனுக்குச் சற்றே சாதகமான ஆட்டம். தம் 26ஆம் நகர்த்தலில் அவர் அரசனை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். உலகச் செம்பியன் செய்யக்கூடாத பிழை அது. ஆனந்தின் குதிரை நடுவிலிருந்த சிப்பாயை அடித்திருந்தால், அரசன் நின்ற புதிய கட்டத்தின் காரணமாக இன்னொரு சிப்பாயும் சேர்ந்து கிடைத்திருக்கும். ஆட்டம் தலைகீழாக மாறியிருக்கும். காய் வைத்த பின்னரே கார்ல்சன் தம் பிழையைக் கண்டார். எதிரே அமர்ந்திருந்த ஆனந்த் நெடுநேரம் எண்ணவில்லை. முன்பே எண்ணி வைத்திருந்தபடி ஓரச் சிப்பாயை முன்தள்ளினார். வைத்த மறுகணமே அவருக்கும் தெரிந்துவிட்டது. கார்ல்சன் தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டார். அவ்வாட்டத்தில் ஆனந்த் தோற்றார். போட்டியும் பதினோராம் ஆட்டத்துடன் 6.5 - 4.5 என்று முடிந்தது.

பரிசு வரும் என்று எதிர்பாராத நேரத்தில் வந்தால் அதை எடுத்துக்கொள்ளத் தவறிவிடுகிறோம் என்ற கருத்துப்பட ஆனந்த் அன்று கூறினார். அவையோரே, பொச்சாப்பிற்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. எதிராளி பெரியவர், அவர் தவறமாட்டார் என்ற மதிப்பும் கண்ணை மறைக்கும். பிழை செய்தவரும் பலகையைப் பார்க்கவில்லை. பிழையைக் காணவேண்டியவரும் பலகையைப் பார்க்கவில்லை. இருவரும் தத்தம் மனத்திலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் மண்ணில் நடந்தது. 2022ஆம் ஆண்டு 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும்வரை மாமல்லபுரமும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற்பலகையில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். வயது பதினாறு. முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உசுபெகிசுத்தான் அணி எதிர்ப்பட்டது. அவ்வணியின் அப்துசத்தோரவுக்கு எதிராகக் குகேசின் ஆட்டம் வெற்றி நிலையில் இருந்தது. மணிக்கணக்கில் போராடினார். கடிகாரத்தில் நேரம் கரைந்தது. வெற்றியை விட மனமின்றி மேலும் முயன்றவர், இறுதியில் பெரும் பிழை ஒன்றைச் செய்து தோற்றார். சமன் செய்திருந்தால்கூட அந்தச் சுற்று நம்முடையதாகியிருக்கும். இருவருக்கும் பாதியாக முடிந்தது. இறுதியில் உசுபெகிசுத்தான் தங்கம் பெற, இந்திய இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது. முதற்பலகைக்குரிய தனிநபர் தங்கம் குகேசுக்குக் கிடைத்தது. எனினும் அன்றிரவு அவர் எதை எண்ணிக் கண் விழித்திருப்பார் என்பதை நாம் உணரலாம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காம் ஆட்டம். குகேசும் சீனத்தின் டிங் லிரெனும் தலைக்கு ஆறரைப் புள்ளி. குகேசிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆயினும் ஆட்டம் சமனாகவே முடியும், மறுநாள் விரைவு ஆட்டங்களில் பட்டம் தீர்மானமாகும் என்று பார்த்தவர்கள் கருதினர். டிங் தம் 55ஆம் நகர்த்தலில், நம் வீடுகளில் யானை என்று சொல்கிறோமே, அந்தக் கோட்டையை எதிராளியின் கோட்டைக்கு நேரே வைத்தார். கோட்டைகள் வெட்டுப்பட்டால் மந்திரிகளும் வெட்டுப்பட்டே தீரும். பின்னர் எஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் அவருக்குத் தோல்வி உறுதி.

இப்போது குகேஷ் இருந்த இடம் சோச்சியில் ஆனந்த் இருந்த இடம். அவரும் முதலில் பிழையைக் காணவில்லை. வேறொரு நகர்த்தலை ஆட இருந்ததாகப் பின்னர்த் தாமே கூறினார். ஆனால் கை காயைத் தொடுமுன் கண் பலகையை மறுபடி பார்த்தது. கண்டுகொண்டார். கண்டபின்னும் பாயவில்லை. தண்ணீர் அருந்தினார். தம்மை அமைதிப்படுத்திக்கொண்டார். சிப்பாய் ஆட்டத்தை இறுதிவரை எண்ணிப் பார்த்தார். அதன் பின்னரே கோட்டையை வெட்டினார். பதினெட்டு வயதில் உலகச் செம்பியனானார். அப்போது கண்ணீர் விட்டார்.

மாமல்லபுரத்துத் தோல்விதான் சிங்கப்பூரில் அவர் கையை நிறுத்தியது என்று நான் அடித்துக் கூறமாட்டேன். அது அவர் நெஞ்சுக்கே தெரியும். ஆனால் ஒன்று சொல்வேன். மாமல்லபுரத்தில் அவரை இழித்துரைத்து எழுந்திருக்கவிடாமல் செய்திருந்தால், சிங்கப்பூரில் அந்த நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கமாட்டார். அன்று டிங் செய்த பிழையைப் பலரும் ஏளனம் செய்தார்கள். குகேஷ் செய்யவில்லை. டிங் உண்மையான செம்பியனாகப் போராடினார் என்றே தம் வெற்றிநாளில் புகழ்ந்தார். தானும் அவ்விடத்தில் நின்றவனுக்கே அச்சொல் வாய்க்கும்.

அவையோரே, பொச்சாப்பிலிருந்து காத்துக்கொள்ள வழி உண்டா? நம் ஊரிலேயே அதற்கு ஒரு விடை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதற்பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை வைகுந்தப் பெருமாள் கோயிலில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கி.பி. 919இல் ஒரு முறையை வகுத்தார்கள். 921இல் அதனைத் திருத்தி மறுபடி வகுத்தார்கள். தாம் செய்ததில் குறை உண்டு என்று இரண்டே ஆண்டுகளில் ஒப்புக்கொள்ள அந்தச் சபை நாணவில்லை. திருத்திய முறையில் எத்தனை காவல்கள்! குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டவேண்டும். ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். வாசித்த பெயரை மற்றவர்களும் வாசிக்கவேண்டும். சூதுக்கு எதிரான காவல் என்றே இதனை விளக்குவது வழக்கம். சோர்வுக்கு எதிரான காவலும் இதுவே என்பது என் கருத்து. நல்லவனும் சோர்வான் என்று எண்ணியவர்களே இப்படி விதி வகுக்க முடியும். எம்மன்ஸ் அன்று விட்டுவிட்டதும், குகேஷ் விடாமல் பற்றிக்கொண்டதும் இத்தகைய சிறு முறைமையையே.

கவிஞர்களுக்கும் ஒரு சொல். வெண்பா எழுதுவோர் அறிவர்: மூன்றடி தளை தட்டாமல் நடந்து வந்து, முடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் ஈற்றுச் சீரில் இடறுவோம். நாளோ மலரோ காசோ பிறப்போ வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நிற்கும். புதுக்கவிதை எழுதுவோரும் தப்பவில்லை. கைத்தட்டல் காதில் விழத் தொடங்கியபின் எழுதிய கடைசி வரி, கவிதையின் வரியாக இராமல் மேடையின் வரியாகிவிடும். கோட்டைத் தொடுமுன் கையை உயர்த்துவது என்பது இதுவே.

நிறைவாக, நான் உங்களிடம் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. என் முனைவர் பட்ட ஆய்வேடு நூலாக வெளிவந்த நாளில் ஏற்புரை வழங்கினேன். அவை நன்றாகக் கைத்தட்டியது. நூலகரையும் அச்சகத்தாரையும் தட்டச்சு செய்த தம்பியையும் பெயர் சொல்லி நன்றி கூறினேன். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை படித்துத் திருத்திய என் ஆசிரியர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் பெயரைச் சொல்லவில்லை. மறந்தேன். மகிழ்ச்சியால் மறந்தேன். வீட்டிற்குத் திரும்பும் வழியில் பேருந்தில்தான் நினைவு வந்தது. மறுநாள் காலில் விழப் போனவளை அவர் தடுத்து, "நன்றாகப் பேசினாய் அம்மா, தொண்டை கட்டியிருந்ததே, இப்போது சரியாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று எனக்கு விடை கிடைத்தது. அந்தப் பெண்ணின் கை உயர்ந்தது அறிவில்லாமையால் அன்று. என் ஆசிரியர் நினைத்திருந்தால், நான் அவளிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. ஏதென்சில் எம்மன்ஸ் தோற்ற அன்றிரவு செக் நாட்டு வீராங்கனை கத்தெரீனா குர்கோவா தேடி வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 2008இல் பெய்சிங்கில், அதே போட்டியில், அதே கடைசிக் குண்டில் எம்மன்ஸ் மறுபடி தவறினார். அப்போதும் அருகில் இருந்தவர் அவரே. பிழை செய்தவனுக்கு அருகில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவன் மறுபடி களத்திற்கு வருவதும் வராமற்போவதும் அமைகிறது.

சென்ற ஆண்டு நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அந்த மாணவியைச் சந்தித்தேன். இடுப்பில் குழந்தை. அவளே என்னை அடையாளம் கண்டு பேசினாள். நான் அன்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "நீங்க திட்டினது ஞாபகமே இல்லம்மா. அந்தக் கோடுதான் இன்னும் கண்ணுலயே நிக்குது" என்றாள்.

முதற்பாதியை நான் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். இரண்டாம் பாதியை நம்புகிறேன். அக்கோட்டை அவள் ஒருத்தியாகவே இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தாள்; அருகில் நிற்கவேண்டிய நாளில் நான் நிற்கவில்லை.

பொச்சாவாமையை நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். பொச்சாந்து நிற்பவரைக் கண்டால் அதிகாரத்தை எடுத்து ஓதாமல் பக்கத்தில் சென்று நிற்போம். பத்தாண்டு நிறைவின் மகிழ்ச்சியில் இருக்கும் நம் வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை மறவாமல் நடத்தட்டும். அன்று மழை பெய்தாலும் நான் வருவேன்.